மீனம்பாளின் இலை

காரியத்துக்கு முதல் நாள் காலையில் ஆதிமூலம் அனந்தபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காலனிக்கு வந்தான். செத்துப்போன மீனம்பாளுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன். அவன் வருவான் என்பது மீனம்பாளோடு ஒரே வீட்டில் இருந்த சின்னப்பொண்ணுவுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கூடவே ஒருத்தனைக் கூட்டிவந்திருந்தான் பாருங்கள், அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. வெள்ளை வேட்டி, படிய வாரின தலை, காலையிலேயே சிவந்து கிடந்த கண். மீனம்பாளுக்குத் தாலி கட்டினவன், கட்டின கையாலேயே அவள் மண்டையை உடைத்தவன், அவள் ஓடிவந்த பிறகு இத்தனை வருஷத்தில் இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு வார்த்தை கேட்காத கோவிந்தசாமி அவன்.

"இன்னா சின்னப்பொண்ணு அப்டி பாக்கற? கட்னவன் உசுரோட இருக்கிறான், அப்ப எந்தங்கச்சி சுமங்கலிதானே? மஞ்ச பொடவ, பூவு, வளையலு எல்லாம் வெச்சி நல்லபடியா படைச்சிடலாம். எலைய மாப்ள சாப்புடுவாரு" என்றான் ஆதிமூலம்.

சாப்பிடப் போவது என்ன சாதாரண இலையா? செஞ்சிப் பக்கத்தில் அந்தக் காலனி ஜனங்களுக்கு ஒரு வழக்கம். காரியத்தன்று பொழுது சாய்ந்ததும், உயிர் போன வீட்டிலேயே, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு வாழையிலையில் படைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். செத்தவர் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவார்கள். பிறகு கதவைத் திறந்து, அந்த இலையில் இருப்பதை ஒரே ஒரு ஆள் சாப்பிட வேண்டும். பொண்டாட்டி செத்தால் புருஷன், புருஷன் செத்தால் பொண்டாட்டி. வாழ்க்கையைப் பங்கு போட்டுக்கொண்டவருக்கு உரிய சோறு அது. ஒரு தடவைதான் கூப்பிடலாம். இரண்டாந்தரம் கூப்பிட்டால் போகிற உயிர் வழி மறந்து வீட்டையே சுற்றும் என்று பயம்.

மீனம்பாளின் உயிர் போனது சின்னப்பொண்ணுவின் வீட்டில், அவள் மடியில். இலையும் தனக்குத்தான் என்று அவள் இருந்தாள். யாரையும் கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இருக்கட்டும்ணா, எலைய பத்தி அப்பறம் பேசலாம். படையல்ல சாராயம் வெக்கணும். அதுக்கு ஆள அனுப்பு" என்றாள்.

ஆதிமூலம் பாம்பை மிதித்த மாதிரி பின்வாங்கினான். "சாராயமா? பொம்பளைக்கா? உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"உன் நைனாவுக்கு வெச்சல்ல? பாட்டிலு, பீடிக்கட்டு, எல்லாத்தையும் வெச்சி, நைனா வா நைனா வந்து குடின்னு அழுதல்ல?"

"அவரு ஆம்பள. எம்பையனுக்குப் பனமலையில பொண்ணு பேசிக்கினு இருக்கிறோம். சம்பந்தி ஊட்டு ஜனம் நாளைக்கி வரும். பொம்பள எலைல சாராயத்தப் பாத்தா காறித் துப்பிட்டுப் பூடுவாங்க. வட, பாயசம், கேசரி. அவ்ளோதான். நீ ஒன்னியும் பேசாத, ஓரமா இரு."

ஓரமா இரு! அவள் வீட்டில் நின்றுகொண்டு அவளிடம் சொல்கிறான். பாயசம் என்றால் மீனம்பாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவாள், அதுகூட கூடப்பிறந்தவனுக்குத் தெரியவில்லை.

மீனம்பாளும் சின்னப்பொண்ணுவும் ரைஸ் மில்லில் வேலை செய்தவர்கள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, கொதிக்கிற சிமெண்டுத் தரையில் காலாலேயே கோடு போட்டுக் கிளறிவிடுகிற வேலை. மீனம்பாள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட்டு, களத்தில் நடந்து வந்தால் மில் மேஸ்திரிகூட வாயை அடக்கிக்கொள்வான். தலையில் கட்டோடு ஓடிவந்தவளுக்கு ஒரு வாரம் படுக்க இடம் கொடுப்போம் என்றுதான் சின்னப்பொண்ணு கூட்டிவந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, அம்மா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தவள் அவள். ஒரு வாரம் மாசமாச்சு, மாசம் வருஷமாச்சு. இரண்டு பாய் ஒரு பாயாச்சு. அதற்கு என்ன பெயர் என்று இரண்டு பேரும் யோசித்ததில்லை. மீனம்பாளின் கை இடுப்பில் விழுந்தால்தான் சின்னப்பொண்ணுவுக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பெயர் வைக்கிற வேலையை ஊர் எடுத்துக்கொண்டது. ரேஷன் வரிசையில் நின்றால், "இன்னாம்மே, உன் ஊட்டுக்காரரு வரலியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொள்வாள். மீனம்பாள் பின்னாலேயே வந்து நின்று, "நான் வந்துட்டன்டி. உன் ஊட்டுக்காரன் எங்க, சாக்கடையிலயா?" என்பாள்.

குடிதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே சண்டை. வேலை முடிந்ததும் மீனம்பாளுக்கு ஒரு கிளாஸ் வேண்டும். கால் எரியுது என்பாள், உடம்பு வலி என்பாள், சந்தோசமா இருக்குது என்பாள். அவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? சின்னப்பொண்ணுவுக்கு அந்த நாற்றமே ஆகாது. கத்துவாள், பட்டினி போடுவாள், ஒரு நாள் பாட்டிலைத் தூக்கிக் கல்லில் அடித்து உடைத்தாள். கடைசியில் மஞ்சள் காமாலை வந்து மீனம்பாள் கீரைத்தண்டாட்டம் கிடந்தபோது, "ஏ சின்னி, ஒரு வாய் குட்றீ" என்று கேட்டாள். சின்னப்பொண்ணு கொடுக்கவில்லை. பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினாள், பாவி. மறுநாள் பொழுது விடியும்போது ஆள் இல்லை.

அந்த ஒரு வாயை இலையிலாவது வைக்காவிட்டால் தன் தொண்டையில் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். எந்த ஆம்பளையும் வாங்கித் தர மாட்டான். ஆகட்டும் என்று காரியத்தன்று மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே சாராயக்கடைக்குப் புறப்பட்டாள்.

கடை கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. முன்பக்கம் ஊர்க்காரர்களுக்கு, பெஞ்சும் கண்ணாடி கிளாஸும். பின்பக்கச் சுவரில் ஒரு பொந்து, அது காலனிக்காரர்களுக்கு. பொந்து வழியாக நசுங்கின அலுமினிய டம்ளரில் ஊற்றித் தருவான் கடைக்காரத் தங்கராசு. சின்னப்பொண்ணு முன்பக்கம் போய் நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் வாயை மூட மறந்தார்கள். ஒருத்தன் சினிமாவில் கவர்ச்சி ஆட்டம் வந்தால் அடிப்பானே, அந்த விசில் அடித்தான்.

"ஏய், பின்னால போ" என்றான் தங்கராசு.

"பின்னால ஆம்பளைங்க வரிசை நிக்குது. முன்னாலயும் ஆம்பளைங்க வரிசை. பொம்பளைக்கு எந்த வரிசைன்னு சொல்லு, போறேன்."

"பொம்பளைக்கு வரிசையே கெடையாது."

"அப்ப இங்கயே குடு. ஒரு பாட்டிலு. காரியத்துக்கு."

விசிலடித்தவன், "யாருக்குக் காரியம்? அந்த மில்லுக்காரி, சட்ட போட்டவளுக்கா?" என்று கேட்டுப் பக்கத்தில் இருந்தவனை இடித்துச் சிரித்தான். "நீதான் அவளுக்குப் பொண்டாட்டியா?"

வழக்கமாக இந்த இடத்தில் சின்னப்பொண்ணு தலை குனிவாள். மண்ணைப் பார்த்து நடப்பாள், வீட்டுக்குப் போய் அழுவாள், மீனம்பாள் வந்து சமாதானம் பண்ணுவாள். சமாதானம் பண்ண இப்போது ஆள் இல்லை. அப்புறம் எதற்கு அழுகை?

"ஆமாம்பா. இன்னா அதுக்கு?" என்றாள்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. தங்கராசு பாட்டிலை எடுத்துப் பலகையில் தள்ளினான். அவளை எப்படியாவது அங்கிருந்து கிளப்பினால் போதும் என்று அவனுக்கு ஆகிவிட்டது. பாட்டிலை முந்தானையில் மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கடைவீதி வழியாகவே நடந்தாள். கடைவீதியே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

வழியில் டெண்டுக் கொட்டாய் வாசலில் புதுப்பட போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒரு கதாநாயகன் கையில் பாட்டில், முகத்தில் தாடி. மீனம்பாள் இருந்திருந்தால் போகலாம் வா என்று இழுத்திருப்பாள். இரண்டு பேரும் பெண்கள் பக்கத்து மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். அப்படி ஒரு படத்தில் கதாநாயகன் காதல் தோல்வியில் குடித்துவிட்டுப் பாடினான். கொட்டாயே மூக்கைச் சிந்தியது. கொஞ்ச நேரம் போனதும் கதாநாயகிக்கு எவனோ ஜூஸில் கலந்து கொடுத்துவிட்டான். அவள் தள்ளாடி ஒரு ஆட்டம் ஆடினாள். கதாநாயகன் வந்து பளாரென்று ஒரு அறை விட்டான். கொட்டாயே கை தட்டியது. மீனம்பாள் எழுந்து நின்றாள். "ஏன்டா, நீ குடிச்சா பாட்டு, அவ குடிச்சா அறையா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். ஆம்பளைப் பக்கத்திலிருந்து கெட்ட வார்த்தை பறந்து வந்தது. படத்தை நிறுத்தி இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். வீடு வரைக்கும் மீனம்பாள் அந்தக் கதாநாயகனை வைதுகொண்டே வந்தாள், சின்னப்பொண்ணு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது. மைக்செட்டுக்கார ஜகபர் அலி வேப்பமரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது!" என்றான். பதிலுக்கு நிற்காமல் அவள் உள்ளே போனாள்.

ஆதிமூலத்தின் பெண்சாதி ராஜாம்பாள் இலை போட்டு, வடை, பாயசம், கேசரி எல்லாம் வைத்து முடித்திருந்தாள். மஞ்சள் புடவை, மல்லிகைப்பூ, கண்ணாடி வளையல், குங்குமம். யாரோ ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் படைத்த மாதிரி இருந்தது. சின்னப்பொண்ணு அடுப்படிக்குப் போய், காலையில் தான் வைத்த கருவாட்டுக் குழம்பையும் களியையும் எடுத்து வந்து இலையில் வைத்தாள். பக்கத்தில் பாட்டிலை வைத்தாள்.

"அய்யோ, எடுக்கா, அவரு பாத்தா கொன்னுடுவாரு" என்று ராஜாம்பாள் பதறினாள்.

பார்த்துவிட்டான். வாசலில் சம்பந்தி வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஆதிமூலம் உள்ளே பாய்ந்து வந்து பல்லைக் கடித்தான். "எடுடி அத. மானம் போவுது."

சின்னப்பொண்ணு இலைக்கு முன்னால் நின்றுகொண்டாள். "யார் மானம்? குடிக்காதன்னு அவகிட்ட தெனம் சண்ட போட்டவ நானு. பாட்டில ஒடச்சவ நானு. வாந்தி எடுத்தா வாரிக் கொட்டினவளும் நானு. திட்டறதுக்கு எனக்கு உரிமை இருந்திச்சி. நீ அவ செத்த அன்னைக்கே குடிச்சிட்டு வந்து பாடையில சாஞ்சிக்கினு நின்ன. உன் மாப்ள இப்பவும் குடிச்சிட்டுத்தான் நிக்கிறாரு. அவளுக்காக வெக்கப்படறதுக்கு உனக்கு இன்னா உரிமை இருக்குது?"

அப்போதுதான் கோவிந்தசாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தான். அவன் பார்வை வடைக்கும் போகவில்லை, வளையலுக்கும் போகவில்லை. நேரே பாட்டிலுக்குப் போனது.

"மச்சான், இருக்கட்டும் உடுங்க" என்றான் கோவிந்தசாமி, பெரிய தர்மவான் மாதிரி. "பாவம், ஆசப்பட்டவ. எலையில வெச்சத நாந்தானே சாப்டப்போறேன். நான் பாத்துக்கறேன்."

ஆதிமூலம் யோசித்தான். ஆம்பளை குடிக்கப் போகிறான் என்றால் சம்பந்திக்காரன் ஒன்றும் சொல்ல மாட்டான். பொண்டாட்டி நினைப்பில் புருஷன் குடித்தான், சினிமாவில் வருகிற மாதிரி உருக்கமாகக்கூட இருக்கும். சண்டையும் முடிந்துவிடும்.

"சரி. பாட்டிலு இருக்கட்டும். மாப்ளைக்கின்னு வெச்சதா நான் சொல்லிக்கறேன். உனக்கு அதானே வேணும்? இப்ப நவுந்து வெளிய வா, பேர் சொல்லிக் கூப்ட்டுக் கதவ சாத்தணும்" என்றான்.

சின்னப்பொண்ணு ஒரு நிமிஷம் தடுமாறித்தான் போனாள். கேட்டது கிடைத்துவிட்டது. மீனம்பாளின் இலையில் சாராயம் இருக்கிறது. பேசாமல் வெளியே போய்விட்டால் சண்டையில்லை, சச்சரவில்லை. காலையில் எழுந்து மில்லுக்குப் போகலாம். கோவிந்தசாமியின் நாக்கு உதட்டை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். இந்த வாய் அவளுக்கு வைத்த கருவாட்டைத் தின்று, அவள் கேட்டுக் கிடைக்காத சாராயத்தைக் குடித்து, பொண்டாட்டி பொண்டாட்டி என்று பந்தலில் உட்கார்ந்து அழும். நாளைக்கு ஊரே சொல்லும், ஆயிரம் இருந்தாலும் கடைசியில் புருஷனோடு சேர்ந்துவிட்டாள் என்று. நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எல்லாரும் மொதல்ல வெளிய போங்க. பொடவ சரியில்ல, மடிச்சி வெச்சிட்டு வர்றேன்" என்றாள்.

போனார்கள். கடைசி ஆள் படி தாண்டியதும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கதவு அதிர்ந்தது. "ஏய், தொறடி! உள்ள யாரும் இருக்கக் கூடாதுடி!" சம்பந்திக்காரர்கள் எழுந்து நின்று, என்ன விஷயம் என்று கேட்டிருப்பார்கள்போல. "ஒன்னியும் இல்லிங்க, ஒன்னியும் இல்லிங்க" என்று ஆதிமூலம் குழைவதும், "ஜகபரு, பாட்ட சத்தமா வெய்யிப்பா" என்று கத்துவதும் உள்ளே கேட்டது. வேப்பமரத்துக் குழாய் அலறியது. எவனோ ஒரு கதாநாயகன் குடித்துவிட்டு உலகத்தை நொந்து பாடுகிற பாட்டு. காலனி முழுக்க அவனுக்காக அழலாம், தடையே இல்லை.

சின்னப்பொண்ணு மஞ்சள் புடவையை எடுத்து மூலையில் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த மீனம்பாளின் சட்டையை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றினாள். கை கூப்பவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"மீனா, வா. சோறு போட்டுட்டேன். இன்னைக்கி ஒன்னும் சொல்ல மாட்டேன், குடி."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் வராத அழுகை. பாடை எடுக்கும்போதுகூட, எந்த முறை சொல்லி அழுவது என்று தெரியாமல் ஊமையாய் நின்றவள் அவள். அக்கா என்று அழ முடியுமா, தங்கச்சி என்று அழ முடியுமா? இப்போது கேட்க ஆளில்லை. "என் ராசாத்தி, என்ன உட்டுட்டுப் பூட்டியேடி, ஒரு வாய் குடுக்காம அனுப்பிட்டனேடி" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். குழாயில் கதாநாயகன் போட்ட சத்தத்தில் அது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். களியைப் பிட்டுக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்றாள். வடையைத் தின்றாள், பாயசத்தைக்கூட விடவில்லை. கிளாஸை எடுத்தாள். வாழ்நாளில் அவள் வாயில் படாத சாமான். மூச்சைப் பிடித்து ஊற்றிக்கொண்டதும் தொண்டை முதல் அடிவயிறு வரை நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. "த்தூ, இதுக்குத்தானாடி என்கிட்ட அவ்ளோ பேச்சு வாங்கின" என்று இருமலுக்கு நடுவில் திட்டினாள். திட்டிக்கொண்டே மிச்சத்தையும் குடித்தாள். ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றுவிட்டு, இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

முதலில் உள்ளே புகுந்தவன் ஆதிமூலம். மடித்த இலையைப் பார்த்தான், காலி கிளாஸைப் பார்த்தான், அவள் வாயிலிருந்து வந்த நெடியையும் மோந்தான்.

"பாவி! ராஜா, வேற எல கொண்டா, மறுபடி படைக்கலாம்" என்று கத்தினான்.

ராஜாம்பாள் அசையவில்லை. "கூப்ட்டாச்சிங்களே. ரெண்டாந்தரம் கூப்டக் கூடாதுங்க" என்றாள். பந்தலில் இருந்த கிழவிகளும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேறு எதில் சமாதானம் ஆனாலும் அதில் யாரும் சமாதானம் ஆகத் தயாராக இல்லை. கோவிந்தசாமி பின்னாலிருந்து கழுத்தை நீட்டி, பாட்டிலில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

ஆதிமூலத்துக்குக் குரல் உடைந்துபோனது. "அந்த எல யாரு சாப்புட வேண்டிய எலன்னு தெரியுமாடி உனக்கு? கூட வாழ்ந்தவங்க சாப்புட வேண்டிய எலடி அது!"

"தெரியும்ணா. அதான் சாப்ட்டேன்" என்றாள் சின்னப்பொண்ணு.